இதில ஆர் கை வைச்சது?

யாழ்ப்பாணத்து வல்லைவெளியில் கார் நின்றால் ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது. ஆனால் எஞ்சின் அண்ணர் ஒருவர் கட்டாயம் கிடைப்பார். நெல்லியடிப் பக்கமிருந்தோ அச்சுவேலிப் பக்கமிருந்தோ சைக்கிளில் வருவார். பாராதவர் போலக் கடந்து போய், பத்து யார் தள்ளிக் காலை ஊன்றித் திரும்பிப் பார்ப்பார். போனற் திறந்து கிடக்கிற கார் அவருக்குச் செத்த வீடு மாதிரி. அழைப்பில்லாமல் போகலாம், போகாமல் விட்டால்தான் குறை.

வயது எழுபதுக்குக் கிட்ட. சாரம், அரைக்கைச் சேட். சேட் பொக்கற்றுக்குள் ஒரு பழைய பிளக்கும், யாருடையதோ கல்யாண அழைப்பிதழ் ஒன்றும். கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்திருக்கும். அழைப்பிதழ் மட்டும் பொக்கற்றை விட்டு வெளியேறாது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

வைத்தியர் என்றால் "என்ன செய்யுது?" என்று கேட்பார். அண்ணரின் முதல் கேள்வி வேறு: "இதில ஆர் கை வைச்சது?"

மானிப்பாயில் ஒருவர் என்று சொல்லிப் பாருங்கள். "அவனோ?" என்பார். சுன்னாகம் என்றால், "அங்கையோ குடுத்தனீர்?" நானேதான் பார்த்தேன் என்று சொன்னால் ஒன்றும் பேசமாட்டார், நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார்.

விசாரணை முடிந்த பிறகுதான் எஞ்சினுக்குள் குனிவார். முன்னால் நிற்பது ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த இந்த 1200 சிசி கார் அங்கே காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டது; இங்கே பொம்பிளை அழைக்கப் போகிறது. றேடியேற்றரில் நீராவி பறக்கிறது. நீங்கள் தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறீர்கள்.

"தம்பி, அதை வையும். சூடேறினால் உடன தண்ணியோ? பொயின்ற்றைப் பாரும்."

இந்த இடத்தில் சிரிக்கக்கூடாது. மனிதர் சொல்வது சரி. டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் இருக்கிற பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் நெருப்புப் பிந்தும். "பிந்தின நெருப்பு பிஸ்ரனைத் தள்ளாது தம்பி, எஞ்சினைத்தான் சுடும்." அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வேண்டும். அளக்கத் தகடு இல்லை. அப்போதுதான் அழைப்பிதழ் வெளியே வரும். அதன் மூலையைப் பொயின்ற்றுக்குள் செருகி, ஒரு கண்ணை மூடி, திருகாணியை முறுக்குவார். மெல்லிய அட்டையில் அழைப்பிதழ் அடிக்கிற வீடுகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இதற்குள் இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். இ.போ.ச.வில் இருந்து ஓய்வுபெற்றவர். கொயிலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறி, "கொயில்" என்பார். அண்ணர், "கொண்டென்சர்." மூன்றாமவர் ஈரத்துணியைப் பிழிந்து பெற்றோல் பம்பின் மேல் போட்டு, "பெற்றோல் ஆவியாகி அடைச்சுப் போச்சு" என்பார். வாக்குவாதம் அரை மணித்தியாலம் நடக்கும். கடைசியில் யாரோ சாவியைத் திருப்ப, கார் ஸ்ரார்ட் எடுக்கும். அந்த நேரத்தில் யாருடைய கை எதில் இருந்ததோ, அதுதான் வருத்தம்; அவர்தான் வென்றவர்.

எனக்குத் தெரிந்தவரை உண்மை இதுதான். மூன்று கோளாறும் சூட்டில் வரும், ஆறினால் போகும். எது என்று பிடிக்க வேண்டுமானால் நின்ற கையோடு பிளக் வயரைக் கழற்றி, காப்புள்ள பகுதியில் பிடித்து, நுனியை எஞ்சின் இரும்புக்குக் கிட்டக் கொண்டுபோய் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பொறி நன்றாகப் பறந்தால் பெற்றோல் பக்கம் போகலாம். பறக்காவிட்டால் கொயில், கொண்டென்சர் பக்கம். அந்தப் பொன்னான ஐந்து நிமிடம், ஆர் கை வைச்சது என்ற விசாரணையிலேயே கழிந்துவிடும்.

அண்ணரின் அகங்காரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலம். இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தது இவருடைய தலைமுறை. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரி பிடிக்கும், கழுவிப் பூட்டுவார்கள். ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கும். மாற்ற ஒயில் இராது. "அப்ப சூடேறுது எண்டு ஒருத்தரும் என்னட்டை வரேல்லை. சூடேறினால்தானே மண்ணெண்ணெய் எரியும்!" என்பார். 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது அவருக்கு மகிழ்ச்சிதான். கொஞ்சம் மரியாதை குறைந்த மாதிரியும் இருந்திருக்கும்.

அவர் கண்ணில் படாத குற்றவாளி ஒன்று உண்டு. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படியும். அதே வெள்ளை றேடியேற்றர்க் குழாய்களிலும் படிந்து, தண்ணீர் ஓடுகிற வழியை அடைக்கும். சொல்லிப் பார்த்தேன். "எங்கட கிணத்துத் தண்ணியில என்ன பிழை? நான் நாற்பது வருசமா இதைத்தானே விடுறன்!" என்றார். குற்ற ஒப்புதல் வாக்குமூலம் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது. தேர்மோஸ்ரற்றையும் காணவில்லை. அதைக் கழற்றியது யார் என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

காசு வாங்கமாட்டார். ஒரு பிளேன்ரீ போதும்.

கொழும்பிலிருந்து பழைய கார் தேடி வருகிறவர்களுக்கு ஒரு சொல். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் போன்ற ஒன்றில் ஓடிப் பார்க்கிற ஆசை உங்களில் சிலருக்கு இருக்கலாம். காரை வாங்கும்போது அண்ணரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் சூடேறினால் போனிலேயே சத்தத்தைக் கேட்டு, பொயின்ற் என்பார். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்கவேண்டாம் என்றும் சொல்வார். அதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேளுங்கள்.