எட்டிப் பார்க்கும் தசை: ஓர் ஆராய்ச்சி

இதயத்தைப் பாடாத புலவரில்லை. புஜபலத்தைப் புகழாத புராணமில்லை. ஆனால் அடுத்தவர் கையிலிருப்பதை அவரறியாமல் நாம் பார்ப்பதற்குப் பேருதவி புரிந்துவிட்டு, அதற்கான நன்றி சிறிதும் பெறாமல் கழுத்தின் இருபுறமும் சாய்வாகக் கிடக்கும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்னும் தசைக்கு ஒரு கட்டுரையேனும் எழுதாமலிருப்பது நன்றி கெட்ட செயலாகும். அக்குறையை நீக்க வேண்டி, ஐதராபாத் சனத்நகர்வாசிகள் நித்தியம் ஏறியிறங்கும் மெட்ரோ ரயிலையே சோதனைச்சாலையாகக் கொண்டு இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்பட்டது.

இத்தசைக்கு வேர்கள் இரண்டு. மார்பெலும்பின் உச்சியிலிருந்து ஒன்றும், காறை எலும்பின் உட்பக்க மூன்றிலொரு பாகத்திலிருந்து மற்றொன்றும் கிளம்பி, மேலே ஒன்றாகிக் காதுக்குப் பின்னே விரலுக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பில் போய்ச் சேருகின்றன. பதினோராவது கபால நரம்பு இதற்கு ஆணையிடுகிறது. இனித்தான் விசேஷம்: வலப்புறத் தசை சுருங்கினால் தலை வலப்பக்கம் சாயும், முகமோ இடப்பக்கம் திரும்பும்! ஆகவே இடப்பக்கத்து ஆசனக்காரரின் கைபேசியில் நமக்குச் சிரத்தை பிறக்கும்போது, நம் சிரசு அவர் சகவாசமே வேண்டாமென்பதுபோல் அப்பால் ஒதுங்க, முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பி, மோவாய் சற்றே உயர்ந்து, ஏதோ ரயில் நிலையத்தின் பெயரைத் தேடுகிறவரைப் போன்ற சாதுவான தோற்றத்தை நமக்கு அளித்துவிடுகிறது. குற்றத்தையும் அதற்கான மறுப்பையும் ஒரே சுருக்கத்தில் நிறைவேற்றும் வேறோர் அவயவம் மனித சரீரத்தில் உண்டா என்பது சந்தேகமே.

2017-இல் மியாப்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய இந்த ரயிலில் ஆசனங்கள் சுவரோரமாக நீளவாட்டில் அமைந்து, பிரயாணிகளைத் தோளோடு தோளாக உட்கார்த்தி வைப்பதால், எர்ரகட்டா, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, எஸ்.ஆர். நகர், அமீர்பேட்டை என்று நிலையங்கள் கழியக் கழிய இருபக்கத் தசைகளுக்கும் மாறி மாறி வேலை கிடைக்கிறது. ஈ.எஸ்.ஐ. வைத்தியக் கல்லூரி மாணவர்களும் இதே வழியில் போகிறவர்களே. நோயாளியின் மோவாயில் கையை வைத்துத் தடுத்து, முகத்தை அதற்கெதிராகத் திருப்பச் சொல்லி, எதிர்ப்பக்கத் தசை புடைக்கிறதா என்று பார்ப்பது வைத்தியரின் பரீட்சை. பக்கத்து வாட்ஸப்பில் படம் வந்தால் அந்தப் பரீட்சையில் யாவரும் தேறிவிடுகின்றனர். செய்தி தெலுங்கில் இருந்தால், அவ்வெழுத்தறியாத தமிழரின் தசையும் சுருங்கவே செய்கிறது. இதனால் இது ஞானத்தை நாடும் தசையன்று என்பது சித்தம்.

முன்னாளில் நிலைமை இவ்வளவு கடினமன்று. 1942-இல் தோன்றிப் பஸ்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் செய்து, பிற்காலத்தில் கைக்கடிகாரமும் செய்த இவ்வட்டாரத்து ஆல்வின் நிறுவனத்தின் காலத்தில், அடுத்தவர் மணிக்கட்டில் மணி பார்ப்பதும், அவர் விரித்த தினசரியின் பின்பக்கத்தைப் படிப்பதும் சமூகம் ஒப்புக்கொண்ட உரிமைகளாயிருந்தன. சிலர் நாம் முடிக்கும்வரை தாளைத் திருப்பாமல் காத்திருப்பதும் உண்டு. இன்றோ பக்கவாட்டில் பார்த்தால் இருண்டு போகும் கண்ணாடியைக் கைபேசியில் ஒட்டிக்கொள்ளும் கருமித்தனம் பரவிவருகிறது.

நாட்டிய சாஸ்திர வல்லுநர்கள் மன்னிக்க வேண்டும். அபிநய தர்ப்பணம் என்னும் நூல் சுந்தரி, திரச்சீனா, பரிவர்த்திதா, பிரகம்பிதா எனக் கழுத்தின் பேதங்கள் நான்கைக் கூறி, எட்டிப் பார்ப்பதை ஐந்தாவதாகச் சேர்க்காமல் விட்டது, மெட்ரோ ரயில் இல்லாத காலத்தில் எழுதப்பட்டதன் விளைவென்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

நிலையப் படிகளில் ஓடியேறி மூச்சு வாங்குகையில் மார்பெலும்பை மேலே தூக்கிச் சுவாசத்துக்குத் துணை நிற்பதும் இத்தசையே. அவ்வளவு பாடுபட்டு வந்து உட்கார்ந்ததைச் சிறிதும் கருதாமல், பக்கத்துப் பிரயாணிகள் திரையை மளமளவென்று தள்ளிக்கொண்டே போவது தர்மமாகாது. எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்து, ஒரு பக்கத்தை அமீர்பேட்டை வரையிலாவது நிறுத்தி வைக்குமாறு அவர்களை மிக்க பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.