பேரனுக்குக் கொஞ்சம் கத்திரிக்காய்ப் புத்தி

பேராண்டி, ஓசூர்ல பெரிய கம்பெனி வேலை, கையில பளபளன்னு போனு. ஊருக்கு வந்ததும் வராததுமா உன் பாட்டி வச்ச கத்திரிக்காய்க் குழம்பைத் தள்ளி வச்சுட்டு, "இதெல்லாம் மரபணு மாத்துன காய், கேன்சர் வரும்"னு சொன்னே பாரு, எனக்குப் பெருமை தாங்கல. நம்ம வம்சத்துல ஒருத்தனாவது சாப்பிடறதுக்கு முன்னாடி யோசிக்கிறானே!

ஒரே ஒரு சங்கதி மட்டும் உன் போனுக்கு வந்து சேரல போலிருக்கு. இந்த நாட்டுல மரபணு மாத்துன கத்திரிக்காயைப் பயிர் பண்ணவே அனுமதி கிடையாது. 2009 அக்டோபர்ல மரபணுப் பயிரை ஆராயுற டில்லிக் கமிட்டி சரின்னு தலையாட்டுச்சு. 2010 பிப்ரவரி 9-ந் தேதி அப்போ சுற்றுச்சூழல் மந்திரியா இருந்த ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வச்சாரு. நிறுத்துனது நிறுத்துனதுதான். பாலக்கோடு தக்காளியையும் நீ சந்தேகமாப் பாக்குறே. அது ஹைபிரிட்டுடா. ஒரு செடி மகரந்தத்தை இன்னொரு செடிப் பூவுல தடவி எடுக்குற விதை. மரபணு மாத்துற சங்கதி அதுல இல்ல.

அப்போ குழம்புல பயப்பட ஒண்ணுமே இல்லையான்னு கேளு. இருக்கு. தண்டையும் காயையும் துளைக்கிற புழுவுக்காக உன் சித்தப்பன் மாதிரி ஆளுங்க மருந்து அடிச்சு, வாடை போறதுக்குள்ள பறிச்சு, விடியறதுக்குள்ள சந்தைக்கு அனுப்பிடுவாங்க. அதைப் பத்தி உனக்கு யாரும் வீடியோ அனுப்ப மாட்டான். அந்த மருந்தைக் குறைக்கத்தான் பி.டி. கத்திரியே வந்துச்சு. மண்ணுல இருக்குற ஒரு பாக்டீரியாவோட மரபணுவைச் செடிக்குள்ள வச்சாங்க. அதுல உண்டாகிற புரதம் புழுவோட காரத்தன்மையுள்ள குடல்ல வேலை செஞ்சு அதைக் கொல்லும். நம்ம வயிறு புளிப்பு. அந்தப் புரதம் ஒட்டிக்கிற இடமும் நம்ம குடல்ல இல்ல. ரசாயனமே வேண்டாம்னு சொல்ற இயற்கை விவசாயிகள்கூட அந்த பாக்டீரியாவைக் கரைச்சுச் செடிக்குத் தெளிக்கிறதுண்டு.

இன்னொண்ணும் காதுல போட்டு வைக்கிறேன், பதறாதே. 2002-லேருந்து நாட்டுல பி.டி. பருத்தி இருக்கு. இப்போ பருத்திக் காட்டுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல அதுதான். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போய்க் கேட்டுப் பாரு. அந்தக் கொட்டையை நம்ம மாடு திங்குது. அந்த எண்ணெயில பலகாரம் பொரியுது. உன் பாட்டி சர்க்கரைக்குத் தினமும் போட்டுக்கிற இன்சுலின் இருக்கே, அதைச் சுரக்கிறதே மரபணு மாத்துன கிருமிதான். 1982-லேயே அமெரிக்காவுல விற்பனைக்கு வந்தாச்சு. பாட்டி இன்னும் உன்னைத் திட்டுற தெம்போடதான் இருக்கா.

உடனே "தாத்தா கம்பெனிக்காரன் பக்கம் சாஞ்சுட்டாரு"ன்னு நினைச்சுடாதே. நான் யார் பக்கமும் சாயுற வயசுல இல்ல, திண்ணையில சாயுறதோட சரி.

பயப்படவும் காரணம் இருக்கு. அமெரிக்காவுல ஒரு விதைக் கம்பெனி சோயாவுல சத்தைக் கூட்டப் பிரேசில் கொட்டையோட மரபணுவைச் சேர்த்துச்சு. சோதிச்சுப் பார்த்தா, அந்தக் கொட்டை ஒத்துக்காதவங்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்காதுன்னு தெரிஞ்சுது. கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே மூட்டை கட்டிட்டாங்க. சோதனை பண்ணினதால தப்பிச்சோம். சோதனையே வேண்டாம்கிறவன் கிட்ட விதை வாங்காதே.

பருத்திக் கதை இன்னும் ருசியானது. புழுவே வராதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. 450 கிராம் பாக்கெட்டோட 120 கிராம் சாதா விதையும் குடுத்தாங்க. அதைக் காட்டைச் சுத்தி நடணும். சாகாத புழுவும் சாதாச் செடியில வளர்ந்த புழுவும் கூடி, பி.டி. செடியைத் தின்னாச் சாகுற வம்சமே நீடிக்கணும்னு கணக்கு. நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? "புழுவுக்கு விருந்து வைக்க நான் என்ன இளிச்சவாயனா?"ன்னு அந்தப் பொட்டலத்தை வரப்புலயே வீசிட்டாங்க. 2010-ல குஜராத் பக்கம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகப் பி.டி.யைத் தாண்டிடுச்சுன்னு அதை வித்த கம்பெனியே ஒத்துக்கிச்சு. அப்புறம் ரெண்டு மரபணு வச்ச ரகத்தையும் அது தின்னு பழகிடுச்சு. பழையபடி மருந்து டப்பா. விதையும் ஹைபிரிட், வருஷா வருஷம் காசு குடுத்துதான் வாங்கணும். பாக்கெட் ஆயிரத்து அறுநூறைத் தாண்டி வித்த காலம் உண்டு. 2006-ல ஆந்திர அரசு மல்லுக்கு நின்னுதான் 750 ரூபாய்க்கு இறங்குச்சு.

அதனால என் கவலை வயித்தைப் பத்தினது இல்லடா, விதைக் கூடையைப் பத்தினது. நிறுத்தி வச்ச கத்திரியில கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பண்ணின கோ-2, மதுரை-1, பாலூர்-1, கிள்ளிகுளம்-1 ரகமும் இருந்துச்சு. எல்லாம் நாமே விதை எடுத்து வைக்கிற ரகம். அது வேண்டாம்னு பெட்டிக்குள்ள போயிடுச்சு. வருஷா வருஷம் வாங்குற பருத்தி நாடு முழுக்க நிக்குது. நம்ம சாமர்த்தியத்தை என்னான்னு சொல்றது! பங்களாதேஷ்காரன் 2014-ல இருபது விவசாயிங்க கையில அரசாங்கப் பி.டி. கத்திரியைக் குடுத்து ஆரம்பிச்சான். மருந்தடிப்பு அங்கே நல்லாவே குறைஞ்சிருக்கு.

எல்லாத்துக்கும் மரபணுதான் மருந்துன்னும் இல்ல. மரவள்ளியை மாவுப்பூச்சி சேலம், நாமக்கல், நம்ம பக்கம்னு சுருட்டிப் போட்டப்போ, பெங்களூர் விஞ்ஞானிங்க ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலேருந்து ஒரு பொடிக் குளவியைக் கொண்டாந்து 2022-ல விட்டாங்க. சத்துக்கும் அப்படித்தான். அரிசியில வைட்டமினைத் திணிக்க உலகமே மண்டையை உடைச்சுக்குது. நம்ம தருமபுரி மாவட்ட ரேஷன் கடையில 2023 மே மாசத்துலேருந்து ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ராகி குடுக்கறாங்க. நூறு கிராமுல 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. அதுல உன் பாட்டி களி கிண்டினா, நீ பரோட்டாக் கடைக்கு வழி கேக்குறே.

மறுபடியும் கத்திரிக்கு வருவோம். அதை நிறுத்துறதுக்கு முன்னாடி மந்திரி ஏழு ஊருல கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டாரு. பெங்களூர் வந்தாரு, ஐதராபாத் போனாரு. தமிழ்நாட்டுல ஒரு ஊருக்கும் வரல. அப்புறம் மரபணு மாத்துன கடுகு வழக்குல 2024 ஜூலையில உச்ச நீதிமன்ற நீதிபதிங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. ஆனா விவசாயிங்களையும் கலந்துக்கிட்டு மரபணுப் பயிருக்கு ஒரு தேசியக் கொள்கை போடணும்கிறதுல மட்டும் ஒத்துப் போனாங்க. நீ தினம் அம்பது பேருக்கு அனுப்புறியே, அந்த விரலால டில்லிக்கும் ஒண்ணு எழுதிப் போடு கண்ணு: அரூர்ல ஒரு கூட்டம் போடுங்க, தமிழ்ல பேசுங்க, விதை யாருக்குச் சொந்தம்னு மொதல்ல சொல்லிட்டு உக்காருங்கன்னு.