‘ழ’ வரவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

மதுரைக்காரர் ‘வாளப்பளம்’ என்றால் உச்சுக்கொட்டுகிறோம். வடசென்னைக்காரர் ‘வாயப்பயம்’ என்றால் தலையில் அடித்துக்கொள்கிறோம். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் வெறும் காதை மட்டும் நம்பி இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் சீக்கிரமே நொடித்துப்போகிறார்கள். அவர்களுக்காகச் சில யோசனைகள்.

பேசப்போகிறவர் வாயைத் திறக்குமுன் அவரை ஏற இறங்கப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் என்ற பேராசிரியர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் என்னவோ ஒன்றுதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு அயல்வாடை அடித்தது; பாடமும் சரியாக ஏறவில்லை. 1992இல் வெளியான ஆய்வு இது. படத்துக்கே இவ்வளவு என்றால், ஆளே எதிரில் நிற்கும்போது கேட்பானேன்?

அடுத்து, “சொந்த ஊர் எது?” என்று விசாரித்துவிடுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரத்தாரிடம் அவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் பேச்சையே போட்டுக்காட்டினார் நான்சி நீட்ஸெல்ஸ்கி. ‘இவர் கனடாக்காரர்’ என்று எழுதியிருந்த தாளை வாங்கியவர்கள் ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் கனடாக்காரர்களின் இழுப்பைத் தெளிவாகக் கேட்டார்கள். ‘மிச்சிகன்காரர்’ என்ற தாளை வாங்கியவர்களுக்கோ அதே ஒலி சுத்தமாக, புத்தகத்தில் உள்ளபடி விழுந்தது. அந்த இழுப்பு டெட்ராய்ட்காரர்கள் வாயிலேயே இருக்கிறது என்பது வேறு கதை. நடுவே ஓடும் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவில், இருக்கிறவனுக்குத்தான் அது குறை.

ஊரை விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு பொம்மை போதும். நியூசிலாந்தில் ஜெனிஃபர் ஹே, கேட்டி டிரேகர் இருவரும் பரிசோதனை அறையில் துணிப்பொம்மைகளை வைத்துப் பார்த்தார்கள். கங்காருவும் கோலாவும் கண்ணில் பட்டவர்களின் காதும், கிவிப் பறவை பட்டவர்களின் காதும் ஒரே குரலின் உயிரொலியைச் சற்று வேறு வேறாகப் பிடித்தன. நம்மூருக்கு எந்தப் பொம்மை தோதாக இருக்கும் என்பதை அவரவர் விரோதத்துக்கு ஏற்ப முடிவுசெய்துகொள்ளலாம்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்பது கூடவே கூடாது. 1976இல் மெக்கர்க்கும் மெக்டானல்டும் ‘பா’ என்ற ஒலியை ‘கா’ என்று அசையும் உதட்டோடு சேர்த்துக் காட்டினார்கள். (கம்பத்தில் வரும் ப, அங்கத்தில் வரும் க என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது ‘டா’. ஒலிநாடாவிலும் இல்லாத, உதட்டிலும் இல்லாத மூன்றாவது ஒலி அது. கண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்குத்தான் இப்படி இல்லாததும் வந்து விழும்.

கருவி வைத்து அளந்து பார்க்கலாம் என்று சில படித்தவர்கள் கிளம்புவார்கள். அவர்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பெல் ஆய்வகத்தில் பீட்டர்சனும் பார்னியும் 76 பேரை ஆங்கில உயிரொலிகளைச் சொல்லவைத்து அளந்தார்கள். 1952இல் வந்த முடிவு வயிற்றைக் கலக்கும்: ஒருவர் சொன்ன ஓர் உயிரொலியும் இன்னொருவர் சொன்ன வேறோர் உயிரொலியும் அளவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கேட்டவர்களுக்கோ பெரும்பாலும் குழப்பமே இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் ஒலியைக் காது சத்தமில்லாமல் சரிக்கட்டிக்கொள்கிறது. இந்த உண்மை வெளியே கசிந்தால் நம் பிழைப்பு என்னாவது?

உங்களுக்கு வேண்டியவர் பேசும்போது கவலையே வேண்டாம். ரிச்சர்ட் வாரன் 1970இல் ஒரு சொல்லிலிருந்து ‘ஸ்’ ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எல்லா ஒலியும் இருக்கிறது என்றார்கள். மிச்சமிருந்த ஒருவர் ஏதோ குறைகிறது என்றார். சுட்டிக்காட்டியதோ வேறு ஒலியை. ஆகவே உங்கள் அபிமானப் பேச்சாளர் நாலு ‘ழ’வை விழுங்கி நடுவில் இருமினாலும் தேன் பாய்ந்த மாதிரியே இருக்கும்.

இவ்வளவு செய்தும் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. எங்கே என்றால், எதிராளியை அதிக நேரம் பேசவிட்டுவிடுகிறார்கள். பழக்கமில்லாத உச்சரிப்புக்குக் காது பழக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று கிளார்க், காரெட் இருவரின் 2004 ஆய்வு சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். முதல் ‘பளம்’ விழுந்த உடனே கையை உயர்த்துங்கள், “என்ன சொன்னீங்க?” என்று இரண்டு தரம் கேளுங்கள், போன் வந்ததுபோல் எழுந்து போங்கள். அசந்து உட்கார்ந்துவிட்டால் ள, ய, ழ எல்லாம் ஒன்றாகி, அவர் சொல்கிற விஷயம் காதில் விழத் தொடங்கிவிடும். போன மாதம் நீங்கள் வாங்கிய கடனை எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.