பாரிஸில் எந்தத் தெருவில் தங்குவது?

கோடையில் பாரிஸ் போகத் திட்டமிடும் வாசகர்கள் பலருக்கும் ஒரே கவலை: பார்க்கப் போகிற இடங்கள் தெரியும், தங்கப் போகிற பகுதி தெரியாது. இந்த இதழின் கேள்விகள் அத்தனையும் அதைப் பற்றியவையே.

கேள்வி: அறை தேடினால் '10-ஆம் வட்டாரம்', '18-ஆம் வட்டாரம்' என்று எண்களாக வருகின்றன. தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: எண்களும் சுற்றித்தான் போகின்றன! லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் நடுப்பகுதி 1. அங்கிருந்து கடிகார முள் திசையில், நத்தை ஓட்டுச் சுருள் போல விரிந்து, கிழக்கு விளிம்பில் 20-இல் முடிகிறது. 1860-இல் வந்த ஏற்பாடு இது. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 75010 என்றால் 10, 75018 என்றால் 18. எண்ணை வைத்துத் தரத்தை மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். சுற்றுலாக்காரர்கள் குவியும் மோன்மார்த்ர் குன்றும், நெருக்கமான உழைப்பாளர் தெருக்களும் அதே 18-இல்தான் இருக்கின்றன. வட்டாரம் கிடைத்ததும் தெருவுக்கும் பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கும் வந்துவிடுங்கள்.

கேள்வி: 'நகர மையத்திலிருந்து 10 நிமிடம்' என்கிறது விளம்பரம். நம்பலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: எந்த மையம், எதில் 10 நிமிடம், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை வந்தால் நம்பலாம்.

கேள்வி: 'கார் து நோர் ரயில் நிலையம் பக்கமே போகாதே' என்கிறார் நண்பர். 'அங்கேதான் தங்கு, இட்லி கிடைக்கும்' என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இருவரிடமும் இன்னொன்று கேளுங்கள்: 'நீங்கள் அங்கே எந்த நேரத்தில் இருந்தீர்கள்?' நண்பர் இரவு 12 மணிக்குப் பெட்டியோடு இறங்கியிருப்பார். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

ஐரோப்பாவிலேயே ஆக நெரிசலான ரயில் நிலையம் அது. லண்டன் ரயிலும் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலும் அங்கிருந்தே கிளம்புகின்றன. கூட்டம் இருக்கும் இடத்தில் ஜேப்படிக்காரனும் இருப்பான். நிலையத்தை ஒட்டி வடக்கே லா சப்பல் வரை நடந்தால் தமிழ்ப் பலகைகள். 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக்கடை என்று கையூன்றிக் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. ஆகஸ்ட் இறுதியையொட்டி மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வரும்போது அந்தத் தெருக்களில் தேங்காய் உடைபடும். அப்படிப்பட்ட பகுதியை 'போகாதே' என்ற ஒரு சொல்லால் ஒதுக்குவது அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

அதிகாலை ரயில் பிடிக்க வேண்டுமா, அங்கே தங்குங்கள். தூக்கம் லேசான குழந்தைகளோடு போகிறீர்களா, நான்கைந்து நிலையம் தள்ளித் தங்கிச் சாப்பிட மட்டும் வாருங்கள்.

கேள்வி: பயமே இல்லாத பகுதி என்று ஒன்றைச் சொல்லுங்களேன்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஜேப்படித் தொல்லை தாங்காமல் ஊழியர்கள் வேலையை நிறுத்தியதால் 2013 ஏப்ரலில் லூவ்ர் ஒருநாள் மூடிக் கிடந்தது. அது 1-ஆம் வட்டாரம்! பகுதியின் அழகு பர்ஸைக் காப்பாற்றாது. முன்பக்கம் மாட்டிய பை காப்பாற்றும்.

கேள்வி: 'தீபன்' படம் பார்த்ததிலிருந்து பாரிஸ் புறநகர் என்றாலே நடுக்கம். ஆனால் அறை அங்கேதான் மலிவு.
— வாசகர், புதுச்சேரி

பதில்: 2015-இல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனை பெற்ற படம், நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்தது. அது ஒரு குடியிருப்பின் கதை. அதை வைத்து முழுப் புறநகரையும் எடைபோட முடியாது. வடக்கே சான் துனியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் அரசர்கள் அடக்கமான பேராலயம் அங்கே இருக்கிறது. 1998 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் நடந்த மைதானமும் அங்கேதான். நீங்கள் விசாரிக்க வேண்டியது கடைசி ரயில் எப்போது, நிலையத்திலிருந்து அறைக்கு எவ்வளவு நடை என்பதை. இரவு கச்சேரி, நாடகம் என்று திட்டம் இருந்தால், மிச்சப்படுத்திய வாடகை டாக்சிக்கே போய்விடும்.

கேள்வி: கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தெருவை முனை முதல் முனை வரை பார்த்துவிட்டேன். போதுமா?
— வாசகி, சேலம்

பதில்: பகலைப் பார்த்திருக்கிறீர்கள், இரவை அது காட்டாது. படம் எடுத்த மாதமும் ஆண்டும் திரையிலேயே இருக்கும், அதை முதலில் பாருங்கள். பிறகு கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கவனியுங்கள். மதுக்கூடமும் நடைபாதை நாற்காலிகளும் வரிசையாக இருந்தால் நள்ளிரவு வரை பேச்சுச் சத்தம் மேலே வரும். பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை, பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை இருந்தால் குடும்பங்கள் புழங்கும் தெரு.

தங்கியவர்களின் விமர்சனங்களில் புதியவற்றை முதலில் படியுங்கள். அதிலும் உங்களைப் போலப் போனவர்கள் எழுதியதைத் தேடுங்கள்: தனியாகப் போன பெண், கைக்குழந்தையோடு போன தம்பதி, பெற்றோரை அழைத்துப் போன மகன். 20 வயது இளைஞர் கூட்டம் 'அருமையான இடம்' என்று எழுதியிருந்தால் அது அவர்களுக்கு அருமை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. மோன்மார்த்ரில் அழகான அறை ஒன்று கண்ணில் பட்டது.
— வாசகர், மதுரை

பதில்: குன்றின் படிக்கட்டுகள் படத்துக்கு அழகு, முழங்காலுக்குப் பகை. அங்குள்ள அபெஸ் நிலையம் தரைக்குக் கீழே 36 மீட்டர், நீண்ட காலம் பாரிஸ் மெட்ரோவிலேயே ஆழமானதாக இருந்தது. லிஃப்ட் உண்டு, பழுதானால் சுழல் படிக்கட்டுதான். 1900-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இது. பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்டே கிடையாது. முழுப் பாதையிலும் லிஃப்ட் வசதி உள்ளது 14-ஆம் எண் பாதைதான். அம்மாவோடு போகும்போது மெட்ரோவைவிடப் பேருந்து நல்லது. நிறுத்தம் பக்கத்தில் இருக்கும் சமதளத் தெருவாகத் தேடுங்கள். கட்டடத்தில் லிஃப்ட் உண்டா, அதற்கு முன் எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள். ஆறு மாடி இருந்தும் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள் அங்கே ஏராளம்.

கேள்வி: ஐரோப்பாதானே, ஏசி எதற்கு?
— வாசகர், வேலூர்

பதில்: 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி! துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி அறை மலிவாகக் கிடைத்தால் காரணம் கேளுங்கள். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொன்று: குடும்பமாக நடத்தும் கடைகள் பல விடுமுறைக்கு மூடிவிடும். நீங்கள் படத்தில் பார்த்த ரொட்டிக்கடையும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

கேள்வி: தனியார் வீடு ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. எதைச் சரிபார்ப்பது?
— வாசகி, சென்னை

பதில்: விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், பாரிஸில் குறுகிய கால வாடகைக்கு அது கட்டாயம். தெருக்கதவைத் திறக்கும் எண் குறியீட்டைக் கிளம்பும் முன்பே வாங்கித் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதால் பகுதித் தேர்வு விசாவுக்கு முன்பே நடந்தாக வேண்டும். ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகச் செய்யுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் இறங்குகிறேன். தெரியாத தெருவில் வீட்டு எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: 1805 முதல் பாரிஸ் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. செய்ன் நதிக்குக் குறுக்கே செல்லும் தெருக்களில் எண்கள் நதிப் பக்கமிருந்து தொடங்கும். நதியோடு செல்லும் தெருக்களில் நீரோட்டத் திசையில் ஏறும். ஏறும் திசையில் நடந்தால் ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது. கார் து நோர் பக்கமாகச் செல்லும் ஃபோபூர் சான் துனி தெருவில் 10 என்றால் தென்முனை. 200-ஐ நெருங்கினால் லா சப்பல். விமான நிலையத்திலிருந்து அனுமதி பெற்ற டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு. நதியின் வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. உங்கள் அறை எந்தக் கரை என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். வரிசையை விட்டு விலகி வந்து கையைப் பிடித்து அழைப்பவரோடு போகாதீர்கள். அவசரத்துக்கு 112.

கேள்வி: இவ்வளவும் ஆராய்ந்துவிட்டுப் போனால் வியப்பு என்ன மிச்சம் இருக்கும்?
— வாசகி, காரைக்குடி

பதில்: நிறைய! வழி தெரியாதவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தெரிந்தவர்தான் நிமிர்ந்து ஊரைப் பார்ப்பார். நிலையத்திலிருந்து உங்கள் அறை வாசல் வரை உள்ள தூரத்தைப் பகல், இரவு, ஞாயிறு என மூன்று வேளைக்கும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஊரிடமே விட்டுவிடுங்கள்.