பாலியில் லட்சாதிபதி

கேள்வி: பள்ளி விடுமுறையில் நாங்கள் நால்வரும் பாலித் தீவுக் கடற்கரைக்குப் போகிறோம். டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் கட்டியாயிற்று. கைச்செலவுக்கு எவ்வளவு எடுத்துப் போவது? (ஒரு வாசகி, ஜாசின்)

பதில்: கடல் மட்டும் போதுமென்றால் நம் தஞ்சோங் பிடாராக் கடற்கரைக்குப் பெட்ரோல் காசோடு முடிந்துவிடும், தாயே! பாலிதான் என்றால் முதலில் வரிக்கு எடுத்து வையுங்கள். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிக்குத் தலைக்கு 150,000 ரூப்பியா. சுமார் 40 வெள்ளி. நால்வருக்கும் சேர்த்துச் சுமார் 160 வெள்ளி, கால் நனையும் முன்பே கரைந்துவிடும்.

காசு மாற்றியதும் வீட்டுக்காரர் லட்சாதிபதி நடை நடப்பார், ஜாக்கிரதை. அங்குள்ள மிகப் பெரிய நோட்டான ஒரு லட்சம் ரூப்பியா நம் கணக்கில் 30 வெள்ளிகூட இல்லை. வெள்ளியில் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு பர்ஸைத் திறக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நோட்டாக மாற்ற வேண்டாம். நம் வங்கிச் செயலியிலேயே அங்குள்ள க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து கட்ட 2023 முதல் வழி இருக்கிறது. கார்டு தேய்க்கும்போது ‘வெள்ளியிலா, ரூப்பியாவிலா?’ என்று மெஷின் கேட்டால் ரூப்பியா என்றே அழுத்துங்கள். வெள்ளி என்றால் கடைக்காரர் தரப்பு வைத்ததுதான் மாற்று விகிதம்.

அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று நீளும் பரிசுப் பட்டியலை மட்டும் ஜாசினிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.