வருணனுக்கு ஒரு சுற்றறிக்கை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு தமாஷ் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். அதில் தன்னை நாத்திகர் என்று பதிவு செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ 1,300 பேர். பெரியார் மண், பகுத்தறிவுப் பூமி என்று மேடைக்கு மேடை தொண்டை கிழிந்த மாநிலத்தில் 1,300. கோவில்பட்டியில் ஒரு சுமாரான கல்யாணப் பந்தியில் இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

மிச்சமுள்ள அத்தனை பேரும் கடவுளுக்குப் பயந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கோயில் நிலத்தை வளைத்துப் போட்டது யார்? சிலையைக் கப்பலேற்றியது யார்? உண்டியலுக்குள் கைவிட்டது யார்? 1,300 பேரால் இவ்வளவு வேலையைச் செய்து முடிக்க முடியாது. அவர்களில் பாதிப்பேருக்கு வயதாகியிருக்கும்.

சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-ல் விருதுநகரில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த நெருப்பு எங்கள் பக்கமும் வந்தது. ஆனால் கோவில்பட்டிக்காரனுக்கு நெருப்பு ஒரு வியாபாரம். கற்பூரம் கொளுத்தவும் எங்கள் தீப்பெட்டிதான், நாத்திகர் பீடி பற்றவைக்கவும் எங்கள் தீப்பெட்டிதான். இரண்டு தரப்புக்கும் தடையில்லாமல் சப்ளை.

மக்கள் ஏன் கடவுளை நம்புகிறார்கள், ஏன் நம்பாமல் போகிறார்கள் என்று டவுனில் பட்டிமன்றம் போடுவார்கள். ஒரு பக்கம் மூவர், மறு பக்கம் மூவர். நடுவர் இருபக்கமும் நியாயம் கண்டு, கவரை வாங்கிக்கொண்டு கார் ஏறுவார். கரிசல்காட்டில் இந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்பதில்லை. இங்கே இருப்பது ஒரே கேள்வி. பெய்யுமா?

என் பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி. உளுந்தும் மக்காச்சோளமும். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. புரட்டாசியில் விதையை மண்ணில் போட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகைக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒருநாள் கேட்டேன்.

“சாமி இருக்கா பெரியப்பா?”

“பேஞ்சா இருக்கு.”

“பேயலேன்னா?”

“பேயிற வரைக்கும் வைவேன்.”

இது பக்தியா, நாத்திகமா? எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பக்கம் பெண்கள் வீடு வீடாகத் தானியம் வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சுவார்கள். ஊரே பரதேசம் போகப்போகிறது என்று ஒப்பாரி வைப்பார்கள். வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துக் கொளுத்துவார்கள். விராட பர்வம் வாசிப்பார்கள். சில ஊர்களில் பிள்ளையாரையே தண்ணீருக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். மழை தந்தால்தான் விடுதலை.

கவனியுங்கள். பட்டிக்காட்டான் தன் சாமிக்குக்கூடத் தண்டனைச் சட்டம் வைத்திருக்கிறான். வேலை நடக்கவில்லையென்றால் மூக்குமுட்டத் தண்ணீர். கண்மாயைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளரையாவது இப்படி உட்கார வைத்ததுண்டா? உட்கார வைக்கலாம் என்றாலும் கண்மாயில் அத்தனை தண்ணீர் நிற்பதில்லை. மடை தூர்ந்து, கலுங்கு இடிந்து, உள்ளே சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. 2017-ல் குடிமராமத்து என்று பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய் என்றார்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் கருவேலத்தை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் அதைவிடச் செழிப்பான கருவேலம் வந்தது. அரசுத் திட்டத்தால் பலன் பெற்ற ஒரே பயிர்.

இனி 2019-க்கு வருவோம். ஏப்ரல் மாதம் இந்து சமய அறநிலையத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மழை வேண்டிக் கோயில்களில் யாகம் செய்ய வேண்டும். வருண ஜபம் செய்ய வேண்டும். நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி நீர் நிரப்ப வேண்டும். நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல் வைத்து அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி முதலான ராகங்களை வாசிக்க வேண்டும்.

மறுபடி படியுங்கள். அரசாங்கம். அரசு முத்திரை. ராகப் பட்டியல்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்தார்கள். அது குடிமகனுக்கு. அரசாங்கத்துக்கு விலக்கு உண்டு போலிருக்கிறது.

அமிர்தவர்ஷினி எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து. முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரம் வரும் வழியில் வறண்டு வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்து மனம் கலங்கி அந்த ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்பது கதை. அவர் 1835-ல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். சமாதியும் அங்கேதான். ராகத்தின் தலைமையகம் நாங்கள். அப்படியானால் தமிழ்நாட்டிலேயே செழித்துக் கொழித்திருக்க வேண்டிய ஊர் எட்டயபுரம். போய்ப் பாருங்கள். இன்றைக்கும் வானம் பார்த்த பூமி. ராகம் வேலை செய்யுமானால் வேளாண்மைத் துறையை இழுத்து மூடிவிட்டு பிர்க்காவுக்கு ஒரு நாதஸ்வரக்காரரை நியமித்துவிடலாம். செலவும் மிச்சம். கமிஷனும் குறைவு. அதனால்தான் செய்யமாட்டார்கள்.

தீட்சிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் சொந்தத் தொண்டையை வைத்துக் கேட்டார். மராமத்துக்கு என்று ஒரு பைசா வாங்கிக்கொண்டு அப்புறம் பாடவில்லை.

ஜூனில் ஆளுங்கட்சியே மாநிலமெங்கும் யாகத்தில் உட்கார்ந்தது. எதிர்க்கட்சி காலிக்குடத்தோடு தெருவில் நின்றது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. வருண பகவான் ரயில்வே ஊழியர் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. சென்னைக்குத் தண்ணீர் இல்லையென்றால் ரயில். கரிசலுக்கு இல்லையென்றால் ராகம்.

இதே அரசின் அமைச்சர் செல்லூர் ராஜு 2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். நீர் ஆவியாகாமல் தடுக்க. காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடே சிரித்தது. எனக்கு இப்போது அவர்மேல் மரியாதைதான் வருகிறது. அவராவது இயற்பியல் பக்கம் முயன்று பார்த்தார்.

கரிசல் சம்சாரி நம்ப வேண்டிய தெய்வங்களில் புதிய வரவு ஒன்று உண்டு. பயிர்க் காப்பீடு. 2016-ல் அவதாரம். கண்ணால் பார்க்க முடியாது. எங்கும் நிறைந்திருப்பதாகச் சொல்வார்கள். உளுந்துக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் காணிக்கை. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் படையல். கடைசித் தேதிக்கு முந்தின நாள் இ-சேவை மையத்தில் திருவிழாக் கூட்டம். சர்வர் இறங்கினால் அன்றைக்கு நடை சாத்தியாயிற்று. அப்புறம் தவம். உன் காட்டில் விளையவில்லை என்பதை நீ சொன்னால் போதாது. அறிவிக்கப்பட்ட பகுதியில் எங்கோ ஒரு காட்டில் சோதனை அறுவடை செய்து, அங்கே சராசரி விளைந்திருந்தால் உன் காட்டிலும் விளைந்ததாகத்தான் ஐதீகம். கண்ணெதிரே கருகிக் கிடப்பது மாயை. சங்கரர் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்.

2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. பெரியப்பா காப்பீட்டுத் தொகைக்கு அலைந்த அலைச்சலில் ஆறு படைவீட்டையும் இரண்டு தரம் சுற்றியிருக்கலாம். “சாமி குடுக்கலேன்னா கோயில் வாசல்ல நின்னு வையலாம்” என்றார். “இவனுக்கு வாசலே இல்லையேய்யா.”

படைவீடு என்றதும் பழனி. 2024 ஆகஸ்டில் அறநிலையத் துறை அங்கே அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. பெரியார் படத்துக்கு மாலை போட்டு வளர்ந்தவர்களின் ஆட்சி. அடுத்த வருஷம் ஜூனில் இந்து முன்னணி மதுரையில் முருகனுக்கு மாநாடு கூட்டியது. ஒரே முருகன். இருபக்கமும் இழுபறி. முருகனுக்கு எந்தத் தொகுதியிலும் ஓட்டு இல்லை என்பதை யாராவது இரண்டு பேருக்கும் சொன்னால் தேவலை.

எங்கள் பக்கத்து முருகனிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். கழுகுமலை. கழுகாசலமூர்த்தி. 1895 பங்குனித் திருவிழா. தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு இல்லை என்று எட்டயபுரம் ஜமீன் மறித்தது. சாமி தெருவில் இடமில்லாதவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். அதே வீதியில் ஜெபக்கூடம் வைத்தார்கள். தேர் வந்தது. கலவரம், தீ, கொலை. அதற்கு அடுத்ததாகக் கமுதி. 1897-ல் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். அது கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1908-ல் தீர்ப்பு. நுழைய உரிமை இல்லை. மீனாட்சியைப் பக்தன் பார்க்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தவர்கள், அந்தக் கோயிலுக்குள் தாங்களே நுழைய முடியாத வெள்ளைக்காரர்கள்.

ஏன் நம்பிக்கை போகிறது என்று கேட்கிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். இங்கர்சாலைப் படித்துக் கடவுளை விட்டவன் ஊருக்கு ஒருவன் இருந்தால் அதிகம். வாசலில் நிறுத்தப்பட்டு விட்டவன் தெருவுக்குத் தெரு. கோயில் நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. 2023-ல் விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்று தகராறு. அதிகாரிகள் திரௌபதி அம்மன் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். தடுத்தவனுக்குச் சீல் இல்லை. அம்மனுக்குச் சீல். துரியோதனன் சபையில்கூட அவளைப் பூட்டி வைக்கவில்லை.

எங்கே விட்டேன்? மழை. மழை வந்தது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம், ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். கண்மாய்கள் உடைந்தன. கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் நின்ற நிலையில் அழுகின. 2019-ல் கொடுத்த மனு நாலு வருஷம் நிலுவையில் கிடந்து, அரசாங்க வழக்கப்படியே மொத்தமாகப் பட்டுவாடா ஆகிவிட்டது.

தீட்சிதர் கதையில் ஒரு பிற்பாதி உண்டு. மழை பேய்மழையாகி ஊரே மூழ்கப்போக, அவர் ‘நில்’ என்று பாடி நிறுத்தினாராம். சுற்றறிக்கை எழுதியவர்கள் பாதிக் கதையோடு எழுந்து போய்விட்டார்கள். பெய்ய ராகம் இருந்தது. நிறுத்த ராகம் இல்லை. வந்த தண்ணீரைத் தேக்கக் கண்மாயும் இல்லை. அத்தனையும் கடலுக்குப் போனது. அடுத்த கோடையில் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

பெய்யாவிட்டால் தெய்வக் குற்றம். பெய்தால் இயற்கைப் பேரிடர். அதிகாரியின் குற்றம் எத்தனை சென்டிமீட்டரில் ஆரம்பிக்கும்?

2027 பிப்ரவரியில் அடுத்த கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். மதம் என்ன என்று கேட்க வீட்டுக்கு வருவார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன்.

“எந்த மாசம்ங்கே?”

“பிப்ரவரி. தை கடைசி, மாசி.”

விரல்விட்டு எண்ணினார். “அப்ப இன்சூரன்ஸ் பணம் ஏறியிருக்குமா ஏறியிருக்காதான்னு தெரிஞ்சு போகும். வந்தா உக்காரச் சொல்லு. பாஸ்புக்கைப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”