டோப்பா இலக்கணம்

மயிர் ஆராய்ச்சியை நம் புலவர் மரபு ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லை பூவும் எண்ணெயும் தருவதா என்று மதுரைச் சங்கத்தில் வழக்கு நடந்தது. சிவபெருமானே ஒரு தரப்பில் ஆஜரானார். மறுதரப்பில் நின்ற நக்கீரர் அவரது நெற்றிக்கண் வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். ஆகவே ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரில் யார் தலையில் எந்த நிற முடி இருக்க வேண்டும் என்று 2022 முதல் ரசிகர்கள் மல்லுக்கு நிற்பதை வேலையற்றவர் வேலை என்று தள்ள இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. ஆய்வுக்களம், மூன்று பேர் உட்காரும் ஒரு சோபா. கருவி, ரிமோட். துணை ஆய்வாளர், இத்தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்த எங்கள் அத்தை.

முதலில் மூலநூல். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018-இல் வெளியிட்ட ‘ஃபயர் அண்ட் பிளட்’ நாவல் அன்று. வரலாற்று நூல் வேடம் கட்டிய கதை. கில்டெய்ன் என்ற கற்பனைப் பண்டிதர், இளவரசி ரேனிராவுக்கும் அவள் தம்பி ஏகானுக்கும் எப்போதோ நடந்து முடிந்த அரியணைச் சண்டையை மூன்று சாட்சிகளைக் கொண்டு தொகுக்கிறார். யூஸ்டஸ் என்பவர் பூசாரி. ஏகானின் பச்சைக் கட்சி அனுதாபி. மன்கன் என்பவர் பெரும் பண்டிதர். ஆனால் இன்னொருவர் சொல்லக் கேட்டதை வைத்துப் பெரும்பகுதியை எழுதியவர். மூன்றாமவர் மஷ்ரூம், அரண்மனைக் கோமாளி. எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும் அதில் ஒரு படுக்கையறை வந்துவிடும். இந்த மூவர் வாய்மொழிதான் மூலம். ஆகவே “மூலத்தில் அப்படி இல்லையே” என்று ஒரு ரசிகர் பொங்கினால், எந்த மூலத்தில் என்று கேட்பது முறை. பெரும்பாலும் கோமாளியாக இருக்கும்.

மூவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் இடங்களுள் தலையாயது தலை. டார்கேரியன் குலத்தாருக்கு வெள்ளி முடி, ஊதாக் கண். கண்ணைத் தொடர் கைவிட்டது. முன்னே ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எடுத்த காலத்திலேயே லென்ஸ் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். ஆக, குலப்பெருமையின் முழுப் பாரமும் டோப்பாவின் மேல் இறங்கியது. இங்கே நூற்பா ஒன்று செய்யலாம்: டோப்பாவே உரை.

டோப்பா ஒப்பனைப் பொருள். அது உரையாவது எங்ஙனம் எனின், காட்டுவோம். இளவரசி ரேனிராவுக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் பழுப்பு முடி. கணவன் லேனோர் வெலேரியன் வெள்ளி முடிக்காரன். பக்கத்திலேயே சுற்றிவரும் ஹார்வின் ஸ்ட்ராங்கிற்குப் பழுப்பு முடி. அரசவை முழுவதும் கணக்குப் போட்டு முடித்துவிட்டது; அவள் தந்தை அரசர் விசெரிஸ் மட்டும் போட மறுக்கிறார். வாரிசுரிமையும் உள்நாட்டுப் போரும் அந்த மூன்று சிறு தலைகளில் தொங்குகின்றன.

ஆனால் நூலில் ரேனிரா தரப்புக்கு ஒரு வக்கீல் பாயின்ட் மிச்சம் உண்டு. லேனோரின் தாய் ரேனிஸ், டார்கேரியன் குலத்தவளே ஆனாலும், தன் பராத்தியன் தாயிடமிருந்து கருமுடி பெற்றவள். பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி சாயல் அடித்திருக்கிறது என்று எந்தச் சபையிலும் சத்தியம் செய்யலாம். தொடரில் ரேனிஸாக வந்த ஈவ் பெஸ்டின் தலையில் என்ன வைத்தார்கள்? வெள்ளி டோப்பா. போயிற்று. ஒப்பனை அறையில் ஒரு காலைப்பொழுதில் எதிர்த்தரப்பு ஜெயித்துவிட்டது. போதாக்குறைக்கு வெலேரியன் குலத்தையே கறுப்பினத்தவராக்கி, அதன் தலைவர் கோர்லிஸாக ஸ்டீவ் டூசெய்ன்டைப் போட்டார்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகளின் வெளிறிய முகங்களைச் சந்தேகிக்கக் கோமாளியின் சாட்சியம்கூடத் தேவைப்படவில்லை. நூலில் வதந்தியாக இருந்தது திரையில் தீர்ப்பாகிவிட்டது.

இதனால் கதையின் மர்மம் கெட்டது என்பாரும் உளர். அற்றன்று. ஊரறிந்த ரகசியத்தை ஒரு தகப்பன் மட்டும் அறிய மறுப்பதில்தான் அந்த முதல் பருவத்தின் உயிர் இருக்கிறது. ரகசியம் எவ்வளவு அம்பலமோ, விசெரிஸாக வரும் பேடி கான்சிடைன் கண்ணை மூடிக்கொள்வது அவ்வளவு நெஞ்சைப் பிசைகிறது. இந்த விசெரிஸ் தாம் படைத்தவரைவிட மேல் என்று மார்ட்டினே ஒத்துக்கொண்டிருக்கிறார். டூசெய்ன்ட் மீது வந்த வசவுகளை மட்டும் இந்த இலக்கணத்துக்குள் அடக்க முடியவில்லை. நூலில் வெள்ளைத்தோல் என்று கொதித்த கூட்டம், நூலில் உள்ள ஊதாக் கண் காணாமற்போனபோது அப்படிக் கொதிக்கவில்லை. டிராகன் பறப்பது சரி, பணக்காரக் கறுப்பர் ஒருவர் இருப்பதுதான் நம்ப முடியவில்லையாம் என்று அவரே பேட்டியில் சொல்லிவிட்டார். உரை வேறு, சாக்கு வேறு.

அடுத்தது வயது. நூலில் அலிசென்ட், ரேனிராவைவிட ஒன்பது வயது மூத்த மாற்றாந்தாய். தொடரில் ஒரே வயதுத் தோழி. மரத்தடியில் எமிலி கேரியின் மடியில் மில்லி ஆல்காக் தலைவைத்துக் கிடக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, பின்னால் வரும் பகை வெறும் அரசியலாகத் தெரியாது. ஐந்தாம் பகுதி முடிந்ததும் கதை பத்தாண்டு தாண்டுகிறது. இருவரையும் அனுப்பிவிட்டு ஒலிவியா குக்கையும் எம்மா டார்சியையும் கொண்டுவந்தார்கள். மில்லியை ஏன் மாற்றினார்கள் என்று ரசிகர்கள் அன்று கேட்ட கேள்விக்கு இரண்டு பகுதிகளில் டார்சி பதில் சொல்லிவிட்டார். விடை கிடைக்காதது வேறொன்று. அலிசென்டின் மூத்த மகன் ஏகானாக வரும் டாம் கிளின்-கார்னி 1995-இல் பிறந்தவர். அவரைப் பெற்றவராக வரும் ஒலிவியா குக் பிறந்தது 1993-இன் கடைசியில். இடையே இரண்டு ஆண்டுகூட இல்லை. லேனோருக்குச் சிறுவன், வாலிபன், கணவன் என்று மூன்று நடிகர்கள். அதே காலத்தை ஃபேபியன் ஃபிராங்கல் நடித்த அரச மெய்க்காவலர் கிரிஸ்டன் கோல் ஒரு நரைகூட இல்லாமல் கடக்கிறார். வெள்ளை அங்கி போர்த்தியவர்க்கு மூப்பில்லை என்பது ஒருசாரார் மதம்.

மேட் ஸ்மித்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2020 டிசம்பரில் அவர்தான் விசெரிஸின் தம்பி டேமன் என்று அறிவித்தபோது, இவர் டாக்டர் ஹூ ஆயிற்றே, இந்த முகவெட்டுக்கு இளவரசனா, புருவம் எங்கே என்றெல்லாம் தடைகள் எழுந்தன. டோப்பா ஏறிற்று. இன்று இவரை விட்டால் வேறு யார் என்கிறார்கள், புருவம் பற்றிக் கேட்டவர்களும்.

எச்பிஓ-வும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் பருவத்துக்கு முன், 2024 மார்ச்சில், பச்சைக் கட்சிக்கு ஒரு முன்னோட்டம், ரேனிராவின் கறுப்புக் கட்சிக்கு ஒரு முன்னோட்டம் என்று தனித்தனியே வெளியிட்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டது. எங்கள் வீட்டில் அத்தையிடம் கேட்டேன். அவருக்கு அதற்கு முன்னால் தீர வேண்டிய சந்தேகம் ஒன்று இருந்தது.

“ஏன்டா, அந்த ராணி தன் மகனுக்கும் ஏகான்னுதானே பேர் வச்சிருக்கா? தம்பி பேரும் அதுதானே?”

“ஆமா அத்தை.”

“பாட்டன் பேரா?”

“அந்த வம்சத்து முதல் ராஜா பேரு.”

“அப்ப சரி. ரெண்டு பேரும் பாட்டன் பேரைச் சொல்லிக்கிட்டு வீட்டை எனக்குக் குடுங்கறாங்க. இதுக்கு எதுக்குடா டிராகன்? தாசில்தார் போதுமே.”

ரேனிரா, ரேனிஸ், ரேனா என்றும் ஏகான், ஏமண்ட், ஏம்மா என்றும் பெயர்கள் பின்னிக்கிடக்கும் குடும்பத்தில் ஆளை முடியை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டியிருக்கிறது. முடியோ எல்லாருக்கும் ஒன்று. இச்சிக்கலுக்கு நம் நூற்பாவில் தீர்வில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கடைசியாக, நடிகரே தேர்வாகாத ஒரு பாத்திரம். நூலில் ஏகானின் அரசி ஹெலேனாவுக்கு மேலோர் என்று இரண்டு வயது மகன் ஒருவன் உண்டு. இரவில் கொலையாளிகள் நுழைந்து, இரண்டு மகன்களில் யார் சாக வேண்டும் என்று தாயையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் கொடூரக் காட்சி அவனை நம்பித்தான் நிற்கிறது. தொடரில் அவன் இல்லை. ஆகவே அந்தத் தேர்வும் இல்லை. சங்கத்தில் பாட்டெழுதியவர் கடவுள், குற்றம் கண்டவர் புலவர். இங்கே படைத்தவரே நக்கீரராக இறங்கி வந்தார். 2024 செப்டம்பரில் மார்ட்டின், மேலோரை நீக்கியதால் பின்கதையில் என்னென்ன சரியும் என்று விரிவாக எழுதி வெளியிட்டார். அப்புறம் அதை நீக்கியும் விட்டார். நெற்றிக்கண் திறந்து மூடிக்கொண்டது. குளத்தில் விழுந்தது அந்தக் கட்டுரை மட்டும்தான்.

அத்தையிடம் விவரம் முழுவதும் சொன்னேன். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார்.

“ரெண்டு வயசுப் பிள்ளை தலையில டோப்பா நிக்காதுடா,” என்றார். “அதான் வேணாம்னுட்டாங்க.”